எதிர்முனையில் எத்தனை பேர்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுசரிவுக்கும் மகாவலி கங்கைக்கும் நடுவே கிடக்கும் வில்கமுவப் பிரதேசத்துக்கு வெளியிலிருந்து ஒரு செய்தி போய்ச் சேர வேண்டுமானால், அதைச் சுமக்கும் இணைப்பு அடிப்படையில் இரண்டு வகைகளுள் ஒன்றாகத்தான் இருக்க முடியும். இந்த முனையில் ஒருவரும் அந்த முனையில் ஒருவரும் மட்டுமே இருக்க, மூன்றாமவருக்கு இடமே இல்லாத இணைப்பு ஒன்று. பொறியாளர்கள் இதைப் பாயிண்ட்-டு-பாயிண்ட் என்பார்கள், இங்கே இருமுனை இணைப்பு என்று கொள்ளலாம். ஒரே ஊடகத்தைப் பலரும் பற்றிக்கொண்டிருக்க, எவர் பேசினாலும் மற்ற எல்லோர் காதிலும் விழுகிற இணைப்பு மற்றொன்று. பிராட்காஸ்ட் எனப்படும் அதைப் பரப்பு இணைப்பு எனலாம். வலையமைப்பியல் பாடநூல்கள் இந்தப் பிரிவினையை முதல் அத்தியாயத்திலேயே ஒரு படத்தோடு முடித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவதால், கம்பி தனியா பொதுவா என்பதைப் பற்றிய சிறு விவரம் அது என்றே மாணவர் மனத்தில் தங்கிவிடுகிறது. ஆனால் வடிவமைப்பாளரை ஆயுள் முழுக்கத் துரத்துவது வேறு கேள்வி: எதிர்முனையில் யார் இருக்கிறார் என்பது பேசத் தொடங்கும் முன்பே தெரியுமா, பேசிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இருமுனை இணைப்பில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. அனுப்பியது யார், பெறுவது யார் என்பதெல்லாம் இணைப்பைப் போட்ட அன்றே முடிவாகிவிடுவதால், முகவரி எழுதவேண்டிய அவசியம்கூடக் கொள்கையளவில் கிடையாது. இந்த நிம்மதிக்கு விலை உண்டு. பத்து இடங்களை ஒன்றோடொன்று நேராக இணைக்க 45 தடங்கள் வேண்டும். நூறு இடங்களுக்கு அது 4,950 ஆகிவிடும். 1969-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்ப்பாநெட், விநாடிக்கு 50 கிலோபிட் சுமக்கும் தொலைபேசித் தடங்களை வாடகைக்கு எடுத்து இருமுனை இணைப்புகளாலேயே கட்டப்பட்டது; எல்லோருக்கும் எல்லோரோடும் நேர்த்தடம் போடுவது கட்டுப்படியாகாது என்பதால், இடைப்பட்ட கணினிகள் செய்தியைக் கைமாற்றி அனுப்பும் முறையை அது கைக்கொண்டது. பரப்பு இணைப்பிலோ ஒரே ஊடகம் போதும், பதினோராவது ஆள் வந்து சேர்வதற்குப் புதிய தடம் எதுவும் வேண்டியதில்லை. கம்பியில் மிச்சப்படுத்திய அந்தச் செலவை அங்கே ஒழுங்குமுறையில் கட்டித் தீர்க்க வேண்டியிருக்கிறது. யார் எப்போது பேசுவது, இருவர் ஒன்றாகப் பேசிவிட்டால் என்ன செய்வது, யாருக்கு என்ன பெயர், இன்னும் இருக்கிறாரா போய்விட்டாரா என்பதற்கெல்லாம் விதி எழுதியாக வேண்டும்.

இந்த ஒழுங்குமுறையின் பழைய வடிவம் ஒன்று வில்கமுவ போன்ற உலர்வலயக் காட்டோரங்களின் சேனைப் பயிர்ச்செய்கையிலேயே இருந்திருக்கிறது. 1984-இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட வஸ்கமுவ வனத்திலிருந்து வில்கமுவ வயல்களுக்குள் யானைகள் இறங்குவது இன்றும் தீராத பிரச்சினை. சங்கத் தமிழின் குறிஞ்சிப் பாட்டுகள் தினைப்புனத்து இதணத்தில் காவலிருந்தவர்களைக் காட்டுவதுபோல, சிங்களச் சேனை விவசாயிகளும் மரத்தின் மீதோ கம்புகளின் மீதோ கட்டிய பெல என்னும் காவற்குடிலில் இரவைக் கழித்தார்கள். அங்கே பாடப்பட்டவை பெல் கவி எனப்பட்டன. தூக்கத்தையும் பயத்தையும் விரட்டவும் விலங்குகளுக்கு மனித நடமாட்டத்தை உணர்த்தவும் பாடிய அந்தப் பாட்டு, அடுத்த குடிலில் இருப்பவருக்கு ‘இங்கே ஓர் ஆள் விழித்திருக்கிறான்’ என்றும் தெரிவித்தது. அவர் ஒரு கவியால் மறுமொழி சொன்னால் அங்கேயும் ஆள் உண்டு என்று பொருள். ஒருவர் பாடி முடிக்கும்வரை மற்றவர் பொறுத்திருந்தார், இருவர் ஒரே நேரத்தில் எடுத்தால் இரண்டு சொல்லும் கெட்டன, இடையில் மேடு ஒன்று மறைத்தால் ஒரு குடிலுக்குக் கேட்டது இன்னொரு குடிலுக்குக் கேட்கவில்லை. கணினி வலையமைப்பில் பொறியாளர்கள் மோதல், ஹலோ செய்தி, மறைமுனை என்று வழங்குகிற மூன்றும் இங்கே இருக்கின்றன. யானையை விரட்டக் கொளுத்தும் யானை வெடிக்கு மட்டும் முறையும் கிடையாது முகவரியும் கிடையாது. கேட்கக்கூடிய தொலைவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், யானை உட்பட, அது சென்று சேர்கிறது.

மறைமுனைச் சிக்கலைக் கணினிகளுக்காக முதலில் நேர்கொண்டதும் மலைகள் நிறைந்த தீவுகள்தாம். 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சனும் அவருடைய குழுவினரும் இயக்கத் தொடங்கிய அலோஹா வலையமைப்பு, தீவுகளில் சிதறிக் கிடந்த முனையங்களை ஓவாஹு தீவின் மையக் கணினியோடு வானொலி அலையால் இணைத்தது. மையத்திலிருந்து வெளியே போவதற்கு ஓர் அலைவரிசை, எல்லா முனையங்களும் மையத்தை நோக்கிப் பேசுவதற்கு இன்னோர் அலைவரிசை. இரண்டும் விநாடிக்கு 9,600 பிட் வேகம். முனையங்கள் ஒன்றையொன்று கேட்க முடியாத நிலையில் ‘பிறர் பேசுகிறாரா என்று பார்த்துப் பேசு’ என்னும் விதி பயன்படாது என்பதால், ஏப்ரம்சன் துணிச்சலான ஒரு விதியை வைத்தார்: சொல்ல இருப்பவர் உடனே சொல்லட்டும், மையத்திலிருந்து பெற்றுக்கொண்டதாகப் பதில் வராவிட்டால், மோதல் நடந்ததாகக் கொண்டு, குருட்டாம்போக்கில் ஒரு நேரம் காத்திருந்து மறுபடி சொல்லட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18.4 சதவீதமே பயன்படும். நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்று லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1972-இல் சொன்ன திருத்தம் அதை இரட்டித்து 36.8 ஆக்கியது. பெரும்பகுதியை வீணாக்கும் ஏற்பாட்டைக் கெட்டிக்காரத்தனம் என்பது விந்தையாகப் படலாம். எப்போதாவது சில எழுத்துகளை அனுப்பிவிட்டு நெடுநேரம் சும்மா இருக்கும் முனையத்துக்கு முழுநேரத் தடம் ஒன்றை வாடகைக்கு வைத்திருந்தால் வீணாவது இதைவிட அதிகம்.

சீராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் 1973-இல் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கத் தொடங்கிய ஈதர்நெட், அலோஹாவின் ஆகாயத்தை ஒரு கம்பிக்குள் அடைத்தது. பின்னர் தரப்படுத்தப்பட்ட அதன் பழைய வடிவம் விரல் தடிமனில், பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில், 500 மீட்டர் வரை நீளும் ஒற்றைக் கேபிள். அதன்மேல் 2.5 மீட்டருக்கு ஒன்றாகக் குறி போட்டிருக்கும். அந்தக் குறிகளில் மட்டுமே உறையைத் துளைத்து உள்ளிருக்கும் செம்பைத் தொடும் ஊசியை இறக்கிக் கணினியைக் கோக்க வேண்டும். இரு நுனிகளிலும் 50 ஓம் தடை ஒன்று செருகப்பட்டிருக்கும், அதில் ஒன்று கழன்றாலே சமிக்ஞை நுனியில் மோதித் திரும்பி முழு வலையமைப்பும் படுத்துவிடும். கேட்டுவிட்டுப் பேசுவதும் பேசும்போதே கேட்டுக்கொண்டிருப்பதும் இங்கே சாத்தியமாயின. சட்டகம் எனப்படும் ஈதர்நெட் செய்தித் துண்டு எதுவும் 64 பைட்டுக்குக் குறையக் கூடாது என்று இன்றும் இருக்கும் விதிக்குக் காரணம், தொலைக் கோடியில் நேர்ந்த மோதலின் செய்தி திரும்பி வந்து சேர்வதற்குள் அனுப்புபவர் பேசி முடித்துவிடக் கூடாது என்பதே. மோதல் நேர்ந்தால் இருவரும் விலகி, முதல் பத்துத் தோல்விகள் வரை ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பின் வரம்பை இரட்டித்துக்கொண்டே போய், 16 முறை முயன்றும் முடியாவிட்டால் கைவிடுவார்கள்.

பிறகு நடந்தது பாடநூல் பிரிவினையையே குழப்பிவிட்டது. 1990-ஐ ஒட்டிச் சுவிட்ச் என்னும் பெட்டி சந்தைக்கு வந்தது. பொதுக் கேபிளைத் தொற்றிக்கொண்டிருந்த கணினிகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கம்பியால் அந்தப் பெட்டியோடு கட்டப்பட்டன. போக ஒரு வழியும் வர ஒரு வழியும் பிரிந்தபோது மோதல் என்பதே இல்லாமற்போயிற்று. இன்று ஒரு பிரதேச செயலகத்து மேசையின் கீழ் ஓடும் ஈதர்நெட் கம்பி பௌதிக அளவில் சுத்தமான இருமுனை இணைப்பு. ஆனால் மேலே ஓடும் மென்பொருளுக்கு அது தெரியாது. பழைய மஞ்சள் கேபிளில் எல்லோரும் கூடியிருப்பதாகவே அது நம்புகிறது, சுவிட்சும் அந்த நம்பிக்கையைக் கலைக்காமல் நடந்துகொள்கிறது. ஒரு கணினி இன்னொன்றின் வன்பொருள் முகவரியை அறிய விரும்பினால் ‘இந்த எண்ணுக்கு உரியவர் யார்?’ என்று இன்னமும் எல்லாரையும் பார்த்துத்தான் கேட்கிறது. பொய்யாக ‘நான்தான்’ என்று எவர் சொன்னாலும் நம்பிவிடுகிறது. பெட்டிகளைத் தவறுதலாக வட்டமாகக் கோத்துவிட்டால் அந்த அழைப்பு முடிவின்றிச் சுற்றிப் பெருகிப் புயலாகிவிடும். ரேடியா பெர்ல்மன் 1985-இலேயே வகுத்துவைத்திருந்த கிளைமர முறை அதற்குப் பூட்டுப் போட்டது.

இந்த மயக்கத்தின் மிகச் சுவையான விளைவு, ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தியை வழிகாட்டி அனுப்பும் ரவுட்டர்களிடம் தெரிகிறது. ஓஎஸ்பிஎஃப் என்னும் பாதை தேடும் நெறிமுறையில், அயலில் இருக்கும் ரவுட்டர்கள் பத்து விநாடிக்கு ஒரு தடவை ஹலோ சொல்லித் தாம் உயிரோடிருப்பதை அறிவிக்கின்றன; நாற்பது விநாடி சத்தமில்லாவிட்டால் அயலார் இறந்ததாகக் கணக்கு. பரப்பு இணைப்பு ஒன்றில் பத்து ரவுட்டர்கள் கூடினால் 45 இணைகளும் தமக்குள் முழு வரைபடத்தையும் பரிமாறிக்கொள்வது வீண் என்பதால், அவை தமக்குள் ஒரு தலைமை ரவுட்டரையும் ஒரு துணைத் தலைமையையும் தேர்ந்தெடுத்து, மற்ற எட்டும் அந்த இரண்டோடு மட்டும் உறவு வைத்துக்கொள்கின்றன. உறவுகள் 17 ஆகக் குறைகின்றன. கூட்டத்துக்கு இது நியாயமான ஏற்பாடு. ஆனால் இரண்டே இரண்டு ரவுட்டர்களை ஓர் ஈதர்நெட் கம்பியால் இணைத்தாலும், கம்பியின் பெயர் ஈதர்நெட் என்பதற்காகவே அவை அதைக் கூட்டம் என்று எண்ணி, வேறு யாரேனும் வருவார்களோ என்று நாற்பது விநாடி வரை காத்திருந்து, தேர்தல் நடத்தி, ஒன்று தலைவராகவும் மற்றது துணைத் தலைவராகவும் பதவியேற்று, வரைபடத்திலும் தமக்கு நடுவே இல்லாத கற்பனைக் கணு ஒன்றை வரைந்துவைக்கின்றன. இரண்டு பேர் உள்ள சங்கத்தில் இருவருமே பொறுப்பாளர்களாக இருப்பது தமிழ்ச் சூழலுக்குப் புதிதல்ல என்றாலும், வலையமைப்பில் அது கம்பி அறுந்து மீளும் ஒவ்வொரு தடவையும் நேரத்தைத் தின்கிறது. ஆகவே அனுபவமுள்ள பொறியாளர் அந்த இடைமுகத்தில் ‘இது இருமுனை இணைப்பு’ என்று ஒரு வரியை எழுதிவைக்கிறார். ஈதர்நெட்டின் மீது இருமுனையாக இயங்குவதை விளக்கும் ஆவணத்தை இணையத் தர அமைப்பு 2008-இல் வெளியிட்டது.

முகவரிகளிலும் இதே கதைதான். இரு ரவுட்டர்களுக்கு இடையிலான தடத்துக்கு வழக்கமாக நான்கு முகவரிகள் கொண்ட துண்டு ஒதுக்கப்பட்டது. அதில் ஒன்று வலையமைப்பின் பெயர், இன்னொன்று ‘எல்லோருக்கும்’ என்று கூப்பிடுவதற்கான முகவரி, மீதி இரண்டே உண்மையான ஆட்களுக்கு. எல்லோரும் என்றால் எதிரில் இருக்கும் அந்த ஒருவர் மட்டும் என்கிற இடத்தில், பாதியை இப்படிக் கொடுத்துவிடுவது பெருஞ்செல்வர் செய்ய வேண்டிய வேலை. முகவரித் தட்டுப்பாடு இறுகிய பின்னர், 2000-இன் இறுதியில், இரண்டே முகவரி கொண்ட துண்டை இத்தகைய தடங்களுக்குப் பயன்படுத்தலாம் என்று அனுமதி வந்தது. ஆறாம் பதிப்பு இணைய நெறிமுறையோ ‘எல்லோருக்கும்’ என்னும் முகவரியையே நீக்கிவிட்டு, குழுக்களுக்கு அனுப்பும் முறையை மட்டும் வைத்துக்கொண்டது.

கம்பியைப் பிரித்துப் போடலாம், ஆகாயத்தை அப்படிப் பிரிக்க முடியாது என்பதால், பரப்பு இணைப்பு இன்று உண்மையாகவே உயிர்வாழ்வது வானொலி அலையில்தான். வில்கமுவப் பிரதேசத்தின் ஹெட்டிப்பொல போன்ற ஊரில் நிற்கும் எந்தக் கைத்தொலைபேசிக் கோபுரத்தையும் தெருவிலிருந்தே அண்ணாந்து பார்த்தால் இரண்டு வகை இணைப்பும் கண்ணுக்குத் தெரியும். முக்கோணமாக மூன்று திசையும் பார்த்து நிற்கும் நீண்ட பலகைகள் ஊருக்கானவை, அவற்றின் அலை விழும் பரப்பிலுள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் பொதுவானவை. அவற்றுக்குக் கீழே மத்தளத்தின் தோல்முகம்போல வட்டமாக ஒரு திசையை மட்டும் வெறித்துப் பார்க்கும் தட்டு இருந்தால், அது தொலைவிலுள்ள இன்னொரு கோபுரத்தின் ஒரே ஒரு தட்டோடு மட்டும் பேசும் இருமுனை மைக்ரோவேவ் தடம். இந்தத் தடத்துக்கு நேர்க்காட்சி வேண்டும். பார்வைக் கோட்டைச் சுற்றியுள்ள வெளியும் கணிசமாகத் திறந்திருக்க வேண்டும். 1,800 மீட்டரைத் தாண்டும் நக்கிள்ஸ் சிகரங்கள் மாத்தளை நகரத்துக்கும் வில்கமுவவுக்கும் குறுக்கே நிற்கையில், தடம் முகடுகளில் இறங்கி ஏறித் துள்ளித்தான் வர வேண்டும், அல்லது மலையைச் சுற்றிவரும் ஒளியிழையை நம்ப வேண்டும். ஊர்ப் பக்கத்திலோ நாலாம் தலைமுறைக் கைபேசி கோபுரத்தோடு முதல் தொடர்பு கொள்ளும் கணத்தில், 64 அடையாளத் தொனிகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து எழுப்புகிறது. இன்னொரு கைபேசியும் அதே கணத்தில் அதையே எடுத்திருந்தால் இரண்டும் விலகி, காத்திருந்து, மறுபடி முயல்கின்றன. ஹவாயின் நேரத்துண்டு அலோஹா அரை நூற்றாண்டு கழித்தும் இப்படி உயிரோடிருக்கிறது. அனுமதி கிடைத்த பின்னர்தான் கோபுரம் நேரத்தையும் அலைவரிசையையும் பங்கிட்டுத் தருகிறது.

கோபுரங்கள் வருவதற்கு முன் மகாவலிப் பள்ளத்தாக்கில் வேறொரு பரிசோதனை நடந்தது. துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தில் குடியேறியவர்களுக்காக, டென்மார்க்கின் உதவியோடும் யுனெஸ்கோவின் துணையோடும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1981-இல் மகாவலி சமூக வானொலியைத் தொடங்கியது. தயாரிப்பாளர்கள் குடியேற்றக் கிராமங்களில் சில நாட்கள் தங்கி, அங்குள்ளோரைக் கொண்டே நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்தார்கள். வில்கமுவவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் கிராந்துருக்கோட்டையிலும், ஆற்றின் மேற்பகுதியில் கொத்மலையிலும் சிறு நிலையங்கள் எழுந்தன. இந்த வானொலி, ஈதர்நெட் போன்ற பரப்பு இணைப்புக்கு முழு ஒப்பல்ல. கேபிளில் தொற்றியவர்கள் எல்லோருக்கும் வாய் உண்டு, வானொலி கேட்பவருக்கோ காது மட்டுமே. கிராமத்தில் தங்கிப் பதிவுசெய்யும் வழக்கம் அந்த ஊமைத்தனத்துக்கு மருந்தாக இருந்தது என்று சொல்லலாம்.

1990-களின் கடைசியில் யுனெஸ்கோவின் ஆதரவில் கொத்மலை நிலையத்துக்கு விநாடிக்கு 64 கிலோபிட் வேகமுள்ள தனித்தடம் ஒன்று இணையத்துக்காகத் தரப்பட்டது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் பொதுமக்களுக்கான கணினிகள் வைக்கப்பட்டன. கேள்விகள் நிலையத்துக்கு வந்தன. அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, துறை தெரிந்தவர்களைக் கலையகத்தில் உட்காரவைத்து, கிடைத்ததைக் கேட்பவர்களின் பேச்சுமொழியில் ஒலிபரப்பினார்கள். வடிவமைப்பாகப் பார்த்தால், ஒல்லியான இருமுனைத் தடம் ஒன்றின் நுனியில் அகலமான பரப்பு இணைப்பைப் பொருத்திய ஏற்பாடு இது. 64 கிலோபிட்டை நூறு பேர் ஒரே சமயத்தில் பங்கிட்டால் ஒவ்வொருவருக்கும் விநாடிக்கு 640 பிட், அதாவது 80 எழுத்து கிடைக்கும். ஆனால் ஒருவர் படித்து வாய்விட்டுச் சொன்னால் ஆயிரம் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் தடத்தின் சுமை ஏறுவதில்லை. பிற்காலத்தில் வளர்முக நாடுகளின் இணையம் பற்றிய எழுத்துகளில் கொத்மலை அடிக்கடி எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டதற்கு நியாயம் உண்டு. தடம் மெலிந்திருப்பதைக் குறையென்று புலம்பாமல் அதற்கு ஏற்ற நுனியை அது தேடிக்கொண்டது. ஆயினும் எந்தக் கேள்வி தேடத் தக்கது என்று முடிவுசெய்யும் அதிகாரம் ஒலிவாங்கியின் முன் இருந்தவரிடமே தங்கிவிட்டது. அந்தரங்கமான நோயைப் பற்றி, கடன் பற்றி, அயலார் கேட்கக் கூடாத வழக்கைப் பற்றி அந்த வழியில் கேட்க முடியாது.

கைத்தொலைபேசி வந்தபின் இவ்விரு வகையும் ஒரே கருவிக்குள் குடியேறின. எஸ்எம்எஸ் எனப்படும் குறுஞ்செய்தி தர ஆவணங்களிலேயே இருமுனைச் சேவை என்று பெயர் பெற்றது. அதன் உடன்பிறப்பான செல் பிராட்காஸ்ட், கோபுரத்தின் கீழிருக்கும் எல்லாக் கைபேசிகளிலும் ஒரே அடியில் செய்தியைத் தோன்றச் செய்வது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபோது எச்சரிக்கை என ஒன்று கரையோர மக்களை வந்தடையவில்லை. அதன் பிறகு மொறட்டுவப் பல்கலைக்கழகமும் டயலொக் கைத்தொலைபேசி நிறுவனமும் பிறரும் சேர்ந்து உருவாக்கி 2009-இல் இடர் முகாமைத்துவ நிலையத்தோடு தொடங்கிய அனர்த்த எச்சரிக்கை வலையமைப்பு இரண்டையும் பிரித்துப் பயன்படுத்தியது: கடமையிலுள்ள அலுவலர்களுக்குக் குறுஞ்செய்தி, பொதுமக்களுக்குப் பரப்புச் செய்தி. குறுஞ்செய்தி சேர்ந்ததா என்பதற்கு ரசீது உண்டு, ஆனால் ஆயிரக்கணக்கானோருக்கு ஒவ்வொன்றாக அனுப்பினால் ஆபத்து நேரத்தில் வரிசை நீளும். பரப்புச் செய்திக்கு வரிசை கிடையாது. யார் பார்த்தார், யார் கைபேசியில் அந்த வசதியை அணைத்து வைத்திருந்தார் என்பதும் கோபுரத்துக்குத் தெரியாது.

தெரியாமையின் இன்னொரு முகம் மொழி. குறுஞ்செய்தியைப் பெறுபவர் இன்னார் என்பதால் அவருடைய மொழியைப் பதிந்துவைத்து அதில் அனுப்பலாம். சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் பிரதேசத்தில் அன்றைக்கு யார் வந்து தங்கியிருக்கிறார், எந்த லொறியின் ஓட்டுநர் எந்த மொழி படிப்பவர் என்பதையெல்லாம் பரப்புச் செய்தி அறிய வழியில்லை என்பதால், மூன்று மொழியிலும் சொல்லியாக வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக. அங்கேயும் இடநெருக்கடி இருக்கிறது. ஜிஎஸ்எம் என்னும் கைத்தொலைபேசித் தரத்தில் ஒரு பரப்புச் செய்தியின் பக்கம் 82 பைட். ஆங்கிலத்துக்கு அதில் 93 எழுத்து கொள்ளும், எழுத்துக்கு இரண்டு பைட் கேட்கும் தமிழுக்கும் சிங்களத்துக்கும் 41 குறிகள் மட்டுமே. தமிழில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால், ‘வில்கமுவ மண்சரிவு அபாய எச்சரிக்கை’ என்று எழுதும்போதே 33 தீர்ந்துவிடுகிறது. மீதி எட்டில் ‘வெளியேறுக’ என்னும் சொல் அடங்காது, அது இரண்டாம் பக்கத்துக்குப் போக வேண்டும். ஒரு செய்திக்கு 15 பக்கம் வரை தரம் அனுமதிக்கிறது.